கண் அழுத்தம் 16. மாமா ஏன் தோட்டத்துக்குப் போவதில்லை?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. என் மாமனாருக்கு 67 வயது. ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறோம். நாலு வருடமாக அவர் கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறார். போன மாதம் மதுரையில் செக்கப் முடிந்த பிறகு ஒரு பெண் வந்து உட்கார்ந்து முப்பது கேள்விக்கு மேல் கேட்டார். இருட்டில் நடக்கச் சிரமமா, எதிரில் வருபவர் முகம் தெரிகிறதா, சில்லறை அடையாளம் தெரிகிறதா, விசேஷ வீடுகளுக்குப் போகத் தயக்கமா என்றெல்லாம். மாமா எல்லாவற்றுக்கும் ‘ஒண்ணும் கஷ்டமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு’ என்றே சொன்னார். அது உண்மை இல்லை. ஒரு வருடமாக விடியற்காலையில் பூ எடுக்க அவர் போவதில்லை. டீக்கடைக்கும் போவதில்லை. கேட்டால் ‘ஆர்வமில்ல’ என்கிறார். டாக்டரோ பிரஷர் 16, பார்வை 6/9, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அந்தக் கேள்விகள் எதற்கு? நான் குறுக்கே பேசி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? அந்த மார்க்கை வைத்து உதவித்தொகை ஏதும் முடிவு செய்வார்களா?

பதில்: உங்கள் டாக்டர் சொன்ன இரண்டு எண்ணும் நல்ல எண்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். மருந்து போட்டு 16-இல் நிற்கிறது என்றால் சொட்டு மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். 6/9 என்றால், நல்ல கண் 9 மீட்டரில் படிக்கிற எழுத்தை மாமா 6 மீட்டரில் படிக்கிறார். இந்த வயதுக்கு அது குறையே இல்லை.

ஆனால் அந்த எழுத்துப் பலகை அளப்பது நடுப்பார்வையை மட்டும். நேராகப் பார்க்கும் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். கிளாக்கோமா பெரும்பாலும் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில்தான் கை வைக்கும். கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகும் நரம்பில் இழை இழையாகச் சேதம் நடக்கும். அதனால்தான் பலகையில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படிக்கிறவர், பக்கத்தில் வந்த சைக்கிளைப் பார்க்காமல் ரோட்டில் இறங்குகிறார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தெரிவதில்லை. அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று மூளையே ஊகித்து நிரப்பிவிடும். நோயாளிக்குத் தன் பார்வையில் ஓட்டை இருப்பதே தெரியாது. ஆட்கள் ‘திடீர்னு முளைச்ச மாதிரி’ முன்னால் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். ஆகவே உங்கள் மாமா ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னதில் பாதி அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் படுகிறது. மாமா பொய் சொல்கிறார் என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மல்லிகைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே, இருட்டில், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு எடுக்க வேண்டும். அன்றைக்கு மலரப் போகிற வெள்ளை மொட்டை எடுத்து, நாளைக்கு ஆகிற பச்சை மொட்டை விட வேண்டும். லைட் காட்டுவது ஒரு சின்ன வட்டம். கை அடுத்த கொப்புக்குப் போவதற்கு முன்னே கண் ஓரத்தில் அந்தக் கொப்பு தெரிந்திருக்க வேண்டும். காலுக்குக் கீழே வரப்பு, வாய்க்கால், ஈரம். பூச்சி பொட்டு பயம் வேறு. ஓரப் பார்வையும் மங்கலில் பார்க்கும் திறனும் குறைந்தவருக்கு இதைவிடக் கடினமான வேலையை நான் யோசித்தாலும் சொல்ல முடியாது. கிளாக்கோமா அந்த இரண்டையும்தான் முதலில் எடுக்கிறது. பிரஷர் 16 என்ற எண் இதில் ஒன்றையும் சொல்லாது. அதைச் சொல்ல வைக்கத்தான் அந்தப் பெண் கேள்வித்தாளோடு வந்தார்.

நான் டாக்டர் இல்லை. பார்வை குறைந்தவர்களுக்கு மறுவாழ்வு ஆலோசனை சொல்பவள். இந்த மாதிரிக் கேள்வித்தாளோடு எதிரில் உட்கார்ந்து கேட்பது பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த அறையே கண் முன்னால் வந்தது.

இந்த மாதிரிக் கேள்வித்தாளுக்கும் மதுரைக்கும் பழைய உறவு உண்டு. என் அம்மாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது உள்ளே லென்ஸ் வைக்கவில்லை, தடிமனான சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டால் அவருக்குப் பலகையில் நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால் கை டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றைப் பிடிக்கும். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கி, கிட்டத்தில் இருப்பது போலக் காட்டும். ஓரத்தில் வளையம் மாதிரி ஒரு பகுதி தெரியவே தெரியாது. வாசற்படியில் ஒவ்வொரு தடவையும் காலால் தடவித்தான் இறங்குவார்.

1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதையே பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். இரண்டு கண்ணும் புரையால் பார்வை இழந்த 3400 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு உள்ளே லென்ஸ் வைத்தும் மற்றவர்களுக்குத் தடிக் கண்ணாடி கொடுத்தும் ஆபரேஷன் செய்தார்கள். பலகையில் இரண்டு சாராரிலும் பெரும்பாலோருக்கு நல்ல பார்வை வந்தது. பலகையை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதி மூடியிருக்கலாம். ஆனால் அவர்கள், பார்வையால் செய்யும் காரியங்களைப் பற்றி ஒன்று, வாழ்க்கைத் தரத்தைப் பற்றி ஒன்று என்று இரண்டு கேள்வித்தாள் தயாரித்து, நம் பக்கத்துக் கிராமத்து மனிதர்களிடம் கேட்டார்கள். உள்ளே லென்ஸ் வைத்தவர்களின் வாழ்க்கை மேலாக இருந்தது என்று அதில்தான் பளிச்சென்று தெரிந்தது. அம்மாச்சியின் டம்ளர் விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது என்று சொல்வேன்.

அதற்குப் பிறகு நாட்டின் மூன்று பகுதிகளில் கண் நோயாளிகளைக் கூட்டி உட்கார வைத்து, அவர்கள் பேச்சைக் கேட்டு, இந்தியாவுக்கென்றே ஒரு கேள்வித்தாள் உருவானது. 33 கேள்வி. அன்றாடக் காரியங்கள் பற்றி 21, மனசும் நாலு பேரோடு பழகுவதும் பற்றி 5, வெளிச்சத்தில் கண் கூசுவது, மங்கல் மாதிரியான தொந்தரவுகள் பற்றி 7. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாமாவிடம் கேட்டது இதுவாகவோ இதன் சாயலில் உள்ள ஒன்றாகவோ இருக்கலாம்.

நமக்கென்று தனியாக எதற்கு என்று கேட்பீர்கள். உலகத்தில் அதிகமாகப் பயன்படுவது அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்துக்காக உருவாக்கிய 25 கேள்வித்தாள். நல்ல கேள்வித்தாள்தான், நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் இரவில் கார் ஓட்டச் சிரமமா என்று வரும். சினிமா, நாடகம், விளையாட்டுப் போட்டி பார்க்கப் போவதில் சிரமமா என்று வரும். மேலூர்ப் பக்கத்து ஆத்தாவிடம் இதைக் கேட்டால் அவர் என் முகத்தைப் பார்ப்பார். பொதுவான உடல்நலத்தை அளக்கும் இ.க்யூ-5டி என்று ஒன்று இருக்கிறது. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, வழக்கமான வேலைகள், வலி, கவலை என்று ஐந்தே தலைப்பு. கண் என்ற பேச்சே அதில் கிடையாது. பாதிப் பார்வை போனவர்கூட அதில் நல்ல மார்க் வாங்கிவிட முடியும்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வார்த்தைக்கு வருகிறேன். ‘ஆர்வமில்ல’.

நான் சொன்ன அந்த 25 கேள்வித்தாளில், ஒவ்வொரு காரியத்துக்கும் பதில் சொல்ல ஆறு கட்டம் இருக்கும். சிரமமே இல்லை என்றால் 100. கொஞ்சம் சிரமம் 75, ஓரளவு 50, ரொம்பச் சிரமம் 25. ‘கண் தெரியாததால் விட்டுவிட்டேன்’ என்றால் சுழியம். ஆறாவது கட்டம், ‘வேறு காரணத்தால் விட்டுவிட்டேன், அல்லது ஆர்வமில்லை’. இந்த ஆறாவது கட்டத்தில் டிக் விழுந்தால் அந்தக் கேள்வியையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கு மார்க் கூடாது, குறையாது. கேட்காத மாதிரி.

அது தேவையான கட்டம்தான். வாழ்நாளில் நாடகம் பார்க்காதவருக்கு நாடகம் பார்க்க முடியவில்லை என்று மார்க் குறைக்க முடியாதே. ஆனால் நீண்ட நாள் கண் நோய் உள்ளவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறார். பார்வைக் குறைவால்தான் விட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், ‘அதில் இப்ப ஆர்வமில்ல’ என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். கண் அவரிடமிருந்து எடுத்த பெரிய பெரிய விஷயங்களெல்லாம் இப்படி ஆறாவது கட்டத்தில் போய் விழுந்து, கணக்கிலேயே வராமல் போகின்றன. மிச்சம் இருக்கும் சின்ன வேலைகளுக்கு அவர் நல்ல மார்க் வாங்குகிறார். வருடக்கணக்காகப் பூ எடுத்த மனிதருக்கு ஒரே வருடத்தில் பூவில் ஆர்வம் போகாது. அந்த வார்த்தை வந்தால், கேட்கிறவர் அங்கே நின்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். ‘எப்ப இருந்துய்யா?’ என்று கேட்டாலே போதும், பாதி வெளியே வந்துவிடும்.

இதை நான் பாடமாகக் கற்றது செல்லூர்ப் பெரியவர் ஒருவரிடம். கைத்தறி நெசவாளர். எனக்கு அப்போது வேலை புதிது. மனைவியும் மகனும் பக்கத்தில் நிற்க, கேள்வித்தாளை வேகமாக முடித்தேன். எல்லாவற்றுக்கும் ‘கஷ்டமில்ல தாயி’ என்றார். சில்லறை நாணயம் அடையாளம் தெரிகிறதா என்ற கேள்விக்கும் அதேதான். முழு மார்க் போட்டேன். மகன் மாத்திரை வாங்கப் போனான், அந்தம்மா காபி வாங்கப் போனார். பெரியவர் எழுந்திருக்கும்போது அவர் சட்டைப் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. நிறைய சில்லறை. ‘என்னய்யா இவ்வளவு காசு?’ என்று சும்மாதான் கேட்டேன். அவர் மறுபடி உட்கார்ந்தார். ஒரு ரூபாய்க்கும் ரெண்டு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் கடைக்காரர் முன்னால் ஒரு தடவை அவமானமாகிவிட்டதாம். அன்றிலிருந்து எது வாங்கினாலும் நோட்டைத்தான் நீட்டுவாராம். மிச்சம் கொடுப்பதை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வாராம். ‘அதான் தாயி கஷ்டமில்லன்னேன். காசைத் தொட்டாத்தான கஷ்டம்’ என்றார். அப்புறம், தறியில் இழை அறுந்தால் மருமகன்தான் வந்து பிணைக்கிறான், அதனால் தறியிலும் உட்காருவதில்லை என்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்.

அந்தத் தாளை நான் திருத்தவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தார், நேரமில்லை என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. அவருடைய மார்க் அந்தத் தாள் போய்ச் சேர்ந்த ஆய்வில் எங்கேயோ ‘கஷ்டமில்லை’ என்றே இருக்கிறது. அதற்குப் பிறகு, ‘முடிகிறதா’ என்று கேட்டு விடுவதோடு, ‘கடைசியாக எப்போது செய்தீர்கள்’ என்றும் கேட்டுப் பக்கத்தில் குறித்து வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. குறுக்கே பேசியிருக்க வேண்டுமா? வேண்டாம். பேசாமல் இருந்தது நல்லதுதான். அது அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரிடம் கேட்கும் கேள்வி. வீட்டில் உள்ளவர்களிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தால், கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்களில் இருவர் பதிலும் ஓரளவு ஒத்துப்போகும். தடுமாறுகிறாரா, படி இறங்குகிறாரா மாதிரி. மனசுக்குள் இருக்கும் கவலை, கூச்சம், பயம் பற்றிய பதில்கள் அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆகவே உங்கள் பதில் அவர் பதிலுக்குப் பதிலாக ஆகாது. அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு சாட்சி அது.

அதோடு, மருமகள் பக்கத்தில் நிற்கும்போது ‘எனக்குக் கண்ணு தெரியல’ என்று நம் ஊரில் எந்த மாமனார் சொல்வார்? அடுத்த முறை கேள்வித்தாளோடு யாராவது வந்தால், ‘நான் வெளியே இருக்கேன், நீங்க மாமாகிட்ட தனியாப் பேசுங்க’ என்று சொல்லி எழுந்து போங்கள். முடித்த பிறகு அந்தப் பெண்ணைப் பிடித்து, பூ எடுக்கப் போகாததையும் டீக்கடையையும் சொல்லுங்கள். நல்ல ஊழியராக இருந்தால் நன்றி சொல்லிக் குறித்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாள்பட்ட நோயில் மனிதருடைய அளவுகோலே நகர்ந்துவிடும். ‘எங்க வயசுக்கு இது போதாதா’ என்பார்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த எத்தனையோ ஆத்தாக்கள், ‘இம்புட்டு அழுக்காவா இருந்துச்சு நம்ம வீடு!’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர்களே ‘பார்வை பரவாயில்ல’ என்று சொன்னவர்கள்தான். புரையில் இப்படிப் பழைய அளவோடு ஒப்பிட ஒரு நாள் வருகிறது. கிளாக்கோமாவில் அப்படி ஒரு நாள் வராது, போன பார்வை திரும்பாது. இங்கே மார்க் ஏறுவதை எதிர்பார்க்கக் கூடாது. இறங்காமல் இருந்தால் அதுவே வெற்றி. மெல்ல இறங்குவதை ஒரே ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வருடா வருடம் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். பழைய நோட்டு ஒன்றில், மாமா வழக்கமாகச் செய்துவந்த காரியங்களை எழுதுங்கள். பூ எடுப்பது, டீக்கடை, டவுன் பஸ் போர்டு பார்ப்பது, மொய் எழுதும் இடத்தில் பணம் எண்ணிக் கொடுப்பது, ராத்திரி வெளியே எழுந்து போவது, திருவிழாவுக்குப் போவது. அவருக்கு எது முக்கியமோ அது மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசியாக எப்போது செய்தார், இப்போது அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். தேதி சரியாக வேண்டாம், ‘போன சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி’ என்று இருந்தால் போதும். இதை நீங்கள் கேட்பதைவிட உங்கள் அத்தையோ, மாமாவோடு பழகிய சேக்காளி ஒருவரோ பேச்சோடு பேச்சாகக் கேட்பது நல்லது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுத்த செக்கப்பில் டாக்டர் மேஜையில் வையுங்கள். பிரஷரையும் பலகையையும் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் டாக்டருக்கு, ‘ஒரு வருஷமா இருட்டுல தோட்டத்துக்குப் போறதில்ல’ என்ற ஒரு வரி எவ்வளவோ சொல்லும். கூடவே, கடைசியாக எடுத்த ஃபீல்டு டெஸ்ட்டைப் பழையதோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும்போது பட்டனை அமுக்குவார்களே, அதுதான். குறிப்பாகக் கீழ்ப்பாதிப் பார்வை குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். கீழே தெரியாதவர்கள்தான் படியிலும் வரப்பிலும் விழுவார்கள்.

டீக்கடை விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பக்கவாட்டில் உட்கார்ந்து ‘வாங்கண்ணே’ என்று கையைத் தூக்கியவரை மாமா பார்த்திருக்க மாட்டார். ‘கண்டும் காணாமப் போறாரு, பெரிய ஆளாயிட்டாரு’ என்று யாராவது பேசி, அது அவர் காதில் விழுந்திருக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். சாவு வீட்டில் கைகொடுக்க நீட்டிய கையைக் கவனிக்காமல் போய், அதனால் உறவே முறிந்தவர்கள் உண்டு. ஊரில் நாலு பேரிடம், ‘மாமாவுக்கு ஓரத்துல தெரியாது, நேரா முன்னாடி வந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க’ என்று சொல்லி வையுங்கள். மாமாவிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள், அவருக்குத் தெரியாமல் வேண்டாம்.

சொட்டு மருந்தின் தொல்லையும் வாழ்க்கைத் தரத்தில் சேர்ந்ததுதான். கண் சிவப்பது, எரிச்சல், சில மருந்தில் இமை கறுத்துப்போவது எல்லாம் நடக்கும். டிமோலால் என்ற சொட்டு மருந்தாக இருந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இழுக்கும், அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொண்டால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். என்ன தொல்லை இருந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது. மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது.

மூன்றாவது, உதவித்தொகை. அந்தக் கேள்வித்தாள் மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே மாமா ‘நல்லா இருக்கு’ என்று சொன்னதால் எதுவும் கைவிட்டுப் போகவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டில் நல்ல கண்ணின் பார்வையையும், ஃபீல்டு டெஸ்ட்டில் தெரியும் பார்வைப் பரப்பையும் வைத்து முடிவாகிறது. பலகையில் 6/9 இருந்தாலும், நல்ல கண்ணின் பரப்பு 40 டிகிரிக்கும் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வையில் வரும். 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். பலகையை மட்டும் பார்த்து ‘உங்களுக்குக் கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் ஃபீல்டு ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்து தொடங்கும்.

இனி, தோட்டம். விடிகாலை மொட்டு எடுப்பதை அவர் மறுபடி தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், விழுந்து இடுப்பு உடைந்தால் எல்லாம் போச்சு. ஆனால் மல்லிகையில் வெயில் நேரத்து வேலையும் நிறைய இருக்கிறதே. கவாத்து பகலில் செய்வது. தண்ணீர் பாய்ச்சுவதை மேற்பார்வை பார்க்கலாம். எடுத்து வந்த பூவை நல்ல வெளிச்சத்தில் தரம் பிரிக்கலாம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை போகிறது என்று போனில் கேட்டு, கமிஷன் கணக்கு வைக்கலாம். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும். ‘நீங்க சும்மா உட்காருங்க மாமா’ என்று பாசத்தில் சொல்வோம், அது அவருக்கு வேறு மாதிரி கேட்கும்.

வீட்டில் சின்னச் சின்ன மாற்றம் போதும். படி விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். கக்கூசுக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு பல்பு எரியட்டும். எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் ஒன்றாகக் கலந்து தெரியும், வாழை இலையில் வைத்தால் பருக்கை பருக்கையாகத் தெரியும். மதுரையில் பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு தடவை காட்டுங்கள் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள், அல்லது டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘முழுசா போயிருமோ’ என்ற பயம் கிளாக்கோமாக்காரர்கள் பலருக்கும் உள்ளே கிடக்கும், வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். ஒழுங்காக மருந்து போட்டு, செக்கப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்வையோடுதான் இருக்கிறார்கள். 16 என்ற எண்ணுக்கு அவரிடம் இப்படித்தான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இது குடும்பத்தில் வரும் நோய். உங்கள் வீட்டுக்காரருக்கும் அவர் கூடப்பிறந்தவர்களுக்கும் 40 வயது தாண்டியிருந்தால், கண் தெரிகிறதோ இல்லையோ, மாமாவோடு சேர்ந்து அடுத்த செக்கப்புக்கே கூட்டிப் போய், பிரஷர் மட்டும் பார்க்காமல் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.